தாள் நகராதிருக்க

போர் முடிந்து ஒன்பதாவது குளிர்காலம்.
வியன்னா, பத்தாம் வட்டாரம்,
பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடி. புதன் மாலை ஆறு மணி.
ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடை.
நாற்பது ஆசிரியர்கள்
எட்டு வயதுப் பிள்ளைகளின் பெஞ்சுகளில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.
ஓரத்தில் நான், சுருக்கெழுத்தர்.
பேசுகிற எல்லாரும் பதிவேட்டில் வருவார்கள்,
எழுதுகிறவளைத் தவிர.

நிமிடத்துக்கு நூற்றெண்பது அசை என் வேகம்.
இடது கையால்.
வலது கை பிறந்த நாளிலேயே
ஒத்துழைக்க மறுத்துவிட்டது.
மடியில் வைத்திருப்பேன்,
யாரும் தடவிக்கொடுக்காத பூனையைப் போல.
தாள் நகராதிருக்க
டிராம் பட்டறை வாசலில் பொறுக்கிய
ஓர் இரும்பு மரை.

டாக்டர் ஸெலன்கா அம்மையார் சொல்வார்:
எல்லாரும் சிறியவர்களாகத்தான் தொடங்குகிறோம்.
மேசை உயரம். கதவுக் கைப்பிடி உயரம்.
அந்தச் சிறுமை நோயல்ல, படிக்கட்டு.
ஏறிப் போய் எங்கே நிற்கிறோம்?
பிறர் தலைமேலா, பிறர் பக்கத்திலா?

சுருக்கெழுத்தில் உயிரெழுத்தை விட்டுவிடுவோம்.
தாழ்வுக்கும் தாழுக்கும் ஒரே கீற்று.
இரவு வீட்டில் பெயர்த்தெழுதும்போது
குழம்பியிருக்கிறேன்,
அவர் சொன்னது குறையையா
கதவின் தாழ்ப்பாளையா என்று.

அன்று வந்தவள் ஹெர்மீன் வொப்ரஷாலெக்.
பதினொரு வயது. செங்கல் சூளைக் குடியிருப்பு.
அக்கா கணக்கில் புலி.
தம்பிக்கு மார்ச்சளி, அம்மாவின் மடி முழுக்க அவனுக்கு.
வீட்டில் மிச்சமிருந்த ஒரே இடம் திருடி.
அந்த இடத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.
சாக்கட்டி. பொத்தான்கள். கோவில் மெழுகுவர்த்தியின் அடித்துண்டு.
தலைமையாசிரியரின் கையுறை, ஒற்றை.

ஒற்றைக் கையுறையை வைத்து என்ன செய்வாய்?

"அவர் தேடுவாரு."

உனக்கு நினைவிருக்கும் முதல் சங்கதி எது?

"அம்மா எங்களை எண்ணினாங்க. என்னை எண்ணலை.
எண்ணினாங்களோ என்னவோ,
நான் கட்டிலுக்கு அடியில இருந்தேன்."

ஆசிரியர்களில் யாரோ சிரித்து, நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் தாள் நகர்ந்தது.
மரையைக் காணோம்.
உள்ளே வரும்போது என் மேசையை
உரசிக்கொண்டு வந்தாள் அவள்.

எனக்கு அந்த அறையில் வாய் கிடையாது.
வரிகள் சரிந்தன. முழங்கையால் அழுத்தினேன், மை இழுபட்டது.
நூற்றெண்பது நூறாயிற்று, அறுபதாயிற்று.
'கூட்டுணர்வு' பாதியில் நின்றது.

அவள் பார்த்தாள்.
தாளை, பிறகு மடியில் கிடந்த கையை.
திருடர்கள் பார்ப்பது போல, ஒன்றையும் விடாமல்.
நாற்காலியிலிருந்து இறங்கினாள்.
ஓடப்போகிறாள் என்று
கதவருகே ஹெர் பிஷில் எழுந்து நின்றார்.

அவள் வந்து
தாளின் மூலையில் ஆள்காட்டி விரலை வைத்தாள்.
நகத்தில் செங்கல் தூள்.
"எழுதுங்க. நான் பிடிச்சிருக்கேன்."

டாக்டர் எதையும் விளக்கவில்லை.
நாற்பது பேர் காத்திருந்தும்
விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.
அந்த அறையை அவர்கள் பூட்டும்வரை
நான் அவரிடம் வேலையில் இருந்தது
அந்த ஒன்றுக்காகத்தான்.

பதிவேட்டில் இப்படி இருக்கும்:
'சிறுமி ஒத்துழைத்தாள். அமர்வு ஏழரைக்கு முடிந்தது.'
கோணல் வரிகளுள்ள மூலத்தாள் என்னிடம்,
மூலையில் சிவந்த ரேகையோடு.

மாடிப்படியில் எனக்காக நின்றிருந்தாள்.
"தேடினீங்களா?"

"தேடினேன்," என்றேன். "ரொம்ப நேரம்."

அவள் முகத்தில் ஏதோ வந்து போனது.
திருப்பித் தரவில்லை.
கோட்டுப் பையில் இரும்பு கனக்க,
ஒரு பக்கம் சாய்ந்து,
பனிக்குள் இறங்கிப் போனாள்.